7018 ராடு: குமரி மாவட்ட லாரி சேசிஸ் வேலைக்கு எடுபடுமா?

லாரி சேசிஸ், அதாவது வண்டியின் அடிச்சட்டம், ஒட்டுவதற்கு 7018 என்ற வெல்டிங் ராடு நல்லதா என்று கேட்டால், நல்லதுதான். ஆனால் ராடை ஈரம் போகச் சுட வைக்க ஓவன் இருக்கும் பட்டறைக்கு மட்டும். ஓவன் இல்லாமல் குமரி மாவட்டத்தில் 7018 வாங்கினால், கூடுதல் காசு கொடுத்தும் சாதாரண 6013 ராடின் தரத்து ஒட்டுதான் கிடைக்கும். மழைக்காலத்தில் அதையும்விட மோசம்.

இங்கே சேசிஸ் வேலைக்கு வரும் வண்டிகளைப் பார்த்தாலே ஒட்டு எவ்வளவு தாங்க வேண்டும் என்று தெரியும். கல், ஜல்லி, எம்-சாண்ட் ஏற்றிக் கேரளா போகும் டாரஸ் லாரிகள் பாரத்தில் விரிசல் விடும். குளச்சல், தேங்காய்ப்பட்டணம், சின்னமுட்டம் துறைமுகங்களில் மீன் ஏற்றும் வண்டிகளை உப்பு தின்னும். ஐஸ் உருகி வடியும் மீன்தண்ணீர் சேசிஸின் ‘ப’ வடிவ நீளச் சட்டங்களான உள் சானலுக்கும் வெளிச் சானலுக்கும் நடுவே தேங்கி, துரு புடைத்து, ரிவெட்டையே நெம்பிவிடும். பழைய கார்கோ லாரியை வாங்கி வீல்பேஸை, அதாவது முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் உள்ள தூரத்தை, வெட்டியோ நீட்டியோ டிப்பர், டேங்கர், ரெக்கவரி வண்டி என்று மாற்றிக் கட்டுவது இன்னொரு வகை. அதில் முழுப் பாரமும் ஒட்டின் மேல்தான். கேட்டுக்கும் கூரைக்கும் போடும் ஒட்டை அப்படியே இங்கே கொண்டுவந்தால் ஆறு மாதத்தில் வண்டி திரும்பி வரும்.

பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் படிக்க வேண்டும். ஈ7018 என்பதில் 70 என்பது ஒட்டின் இழுவிசை, சதுர அங்குலத்துக்கு 70,000 பவுண்டு. நம் கணக்கில் சுமார் 490 மெகாபாஸ்கல். 1 என்றால் எல்லாப் பொசிஷனிலும் ஓட்டலாம். 8 என்றால் லோ-ஹைட்ரஜன் பூச்சு, அதாவது ஒட்டுக்குள் ஹைட்ரஜனைக் குறைவாக விடும் பூச்சு, அதில் இரும்புத்தூளும் உண்டு. பக்கத்திலேயே ஐ.எஸ். 814 என்ற இந்தியத் தரக் குறியீடு இருக்கும். அது ஈ.பி. என்று தொடங்கினால் 7018 மாதிரியான பேசிக் பூச்சு, ஈ.ஆர். என்று தொடங்கினால் 6013 மாதிரியான ரூட்டைல் பூச்சு. பின்னால் ஹெச்.3 என்று இருப்பதைத் தேடி வாங்கவும். ஒட்டில் விழும் 100 கிராம் உலோகத்தில் ஹைட்ரஜன் 5 மில்லி லிட்டருக்குள் இருக்கும் என்று அதற்குப் பொருள். ரூட்டைல் ராடில் இது 20, 30 வரை போகும்.

6013-க்கும் 7018-க்கும் இழுவிசையில் உள்ள வித்தியாசத்தைப் பெரிதாகப் பேசுகிறார்கள். சேசிஸுக்கு முக்கியம் அது இல்லை. 7018-இன் உலோகம் மைனஸ் 29 டிகிரியில் 27 ஜூல் அடி தாங்க வேண்டும் என்று தர விதி இருக்கிறது. 6013-க்கு அப்படி ஒரு விதியே இல்லை. குமரியில் பனி பெய்யாது, சரிதான். ஆனால் அந்தச் சோதனையில் தேறும் உலோகம்தான் லோடு வண்டி குழியில் இறங்கி ஏறும்போது நொறுங்காமல் வளைந்து கொடுக்கும்.

ஓட்டிப் பார்க்கும்போது 6013-இல் கை பழகியவருக்கு 7018 முதல் நாள் பிடிக்காது. தட்டினால் ஒட்டிக்கொள்ளும். ஆர்க்கை, அதாவது ராடு நுனிக்கும் இரும்புக்கும் நடுவே எரியும் மின்தீயை, நீளமாகப் பிடித்தால் ஒட்டில் புளோ ஹோல் என்னும் காற்றுத் துளை விழும். ராடின் கம்பி கனத்துக்கு மேல் ஆர்க் நீளம் போகக் கூடாது. 3.15 மி.மீ. ராடு என்றால் முனை கிட்டத்தட்ட உருகிய இரும்புக் குழம்பைத் தொட்டுக்கொண்டே போக வேண்டும். தொடங்கும் இடத்தில் நேராகத் தட்டாமல், 10-15 மி.மீ. முன்னால் ஆர்க் எடுத்துப் பின்னால் வந்து, அந்தத் தட்டின இடத்தின் மேலேயே ஓட்டிக்கொண்டு போனால் தொடக்கத் துளை உருகி மூடிவிடும். பாதி எரிந்த ராடைத் திரும்ப எடுக்கும்போது நுனியில் கண்ணாடி மாதிரி ஒரு மூடி இருக்கும். அதை ஃபைலில் லேசாக உரசித்தான் எடுக்க வேண்டும். சிமெண்ட் தரையில் ஓங்கித் தட்டினால் பூச்சு பெயர்ந்து ஒரு பக்கம் மொட்டையாகிவிடும். இதெல்லாம் பழகிவிட்டால் ஸ்லாக் என்னும் மேல்கசடு தானே சுருண்டு கழலும். ஒட்டு வரி தட்டையாகவும் விளிம்பில் அண்டர்கட் என்னும் பள்ளம் இல்லாமலும் விழும். சேசிஸில் அண்டர்கட்தான் விரிசலுக்குக் கதவு திறந்துவிடும், அதனால் இது சின்ன விஷயம் இல்லை.

மெஷினும் ஒத்துழைக்க வேண்டும். டி.சி. பாசிட்டிவில், அதாவது ஹோல்டர் பாசிட்டிவில், 7018 சுகமாக ஓடும். பழைய ஏ.சி. டிரான்ஸ்பார்மரில் ஓபன் சர்க்யூட் வோல்டேஜ், அதாவது ஒட்டாமல் சும்மா ஓடும்போது உள்ள வோல்டேஜ், 50-55 என்றால் ஆர்க் அணைந்து அணைந்து எரியும். 70-ஐ ஒட்டி இருந்தால் நிற்கும். சின்ன இன்வெர்ட்டர் மெஷின்களிலும் இந்த எண்ணைத்தான் பார்க்க வேண்டும், முகப்பில் பெரிதாக அச்சடித்த 200 ஆம்பியரை இல்லை. இன்னொன்று, சிங்கிள் பேஸில் 30 மீட்டர் மெல்லிய ஒயர் இழுத்து ஓட்டினால் வோல்டேஜ் இறங்கி ராடு ஒட்டும். பழி மட்டும் ராடின் மேல் விழும். கடலோரப் பட்டறைகள் மாதம் ஒரு முறையாவது மெஷினைக் கழற்றி, ஈரமில்லாத காற்றால் போர்டில் படிந்த உப்புப் பொடியை ஊதிவிட வேண்டும்.

இனி ஈரம். 7018 பூச்சு ஏத்தங்காய் சிப்ஸ் மாதிரி, திறந்து வைத்தால் நமத்துப்போகும். அது கையில் தெரியாது, பார்வைக்கும் தெரியாது. பூச்சில் ஏறிய தண்ணீர் ஆர்க்கில் பிரிந்து ஹைட்ரஜனாக உருகிய இரும்புக்குள் போகிறது. ஆறும்போது அது வெளியேற வழியில்லாமல் ஒட்டின் ஓரத்தில், கடினமான பகுதியில் சேர்ந்து, சில மணி நேரம் கழித்தோ இரண்டு நாள் கழித்தோ விரிசலாக வெளிவரும். வண்டி அதற்குள் பட்டறையை விட்டுப் போயிருக்கும். தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் இரண்டுமே பெய்யும் மாவட்டம் இது, கூடவே மூன்று பக்கமும் கடல் காற்று. தமிழ்நாட்டின் உள்மாவட்டத்து வெல்டர் சொல்லும் “ஒரு வாரம் வெளியே இருந்தாலும் ஒன்றும் ஆகாது” என்ற பேச்சு இங்கே செல்லாது.

அமெரிக்க வெல்டிங் விதிப்படி, மூடிய டப்பாவைத் திறந்த பிறகு 7018 ராடு வெளிக்காற்றில் அதிகபட்சம் 4 மணி நேரம் இருக்கலாம். அதற்குள் தீராதது 120 டிகிரிக்குக் குறையாத சூட்டில் இருக்க வேண்டும். அதையும் தாண்டி வெளியே கிடந்தால் 260-430 டிகிரியில் குறைந்தது 2 மணி நேரம் சுட வேண்டும், அதுவும் ஒரே ஒரு தடவை. நம் கடைகளில் கிடைக்கும் பெட்டிகளில் பெரும்பாலும் 250-300 டிகிரி, ஒன்று முதல் இரண்டு மணி நேரம் என்று இருக்கும். பெட்டியில் எழுதியதே கணக்கு.

பழைய ஃபிரிட்ஜுக்குள் 100 வாட் பல்பு போட்டு ராடு வைப்பது நல்ல பழக்கம்தான். ஆனால் அது காய்ந்த ராடைக் காய்ந்தபடி வைத்திருக்கத்தான் உதவும், நனைந்ததைக் காயவைக்காது. 50 டிகிரி சூட்டுக்குப் பூச்சுக்குள் போன ஈரம் அசையாது. சமையலறை ஓ.டி.ஜி. ஓவனும் ஓரளவுக்கு ஒப்பேறும். பெரும்பாலானவை 250 டிகிரியோடு நின்றுவிடும் என்பதால், பெட்டியில் 250 என்று தொடங்கும் ராடுக்கு முழு 2 மணி நேரம் வைத்தால் போதும். 350 டிகிரி கேட்கும் ராடுக்கு ஆகாது. 3.15 ராடு 450 மி.மீ., 350 மி.மீ. என்று இரண்டு நீளத்தில் வரும், ஓ.டி.ஜி.யில் 450 படுக்காது. ராடு வாட்டிய ஓவனில் அப்புறம் கேக் சுட வேண்டாம். கேஸ் தீயில் நேராகக் காட்டுவது, சைலன்சர் மேல் வைப்பது எல்லாம் வீண் வேலை. பூச்சு வெடித்து உதிரும், உள்ளே ஈரம் அப்படியே இருக்கும்.

சரக்கு எவ்வளவு வாங்க வேண்டும் என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 250 மி.மீ. உயரம், 75 மி.மீ. மடக்கு (மேலும் கீழும் மடிந்த பக்கம்), 8 மி.மீ. கனம் கொண்ட ஒரு சானலைச் சாய்வாக வெட்டி ஒட்டினால் ஒட்டு நீளம் அரை மீட்டர்தான். விளிம்புகளைச் சாய்த்து உண்டாக்கும் 60 டிகிரி வி-குரூவ், 2.5 மி.மீ. இடைவெளி என்று கணக்குப் போட்டால் விழும் உலோகம் 180 கிராம் அளவு. 450 மி.மீ. நீள 3.15 ராடு ஒன்றுக்கு 26 கிராம் அளவுக்கு உலோகம் விழும். அதாவது ஏழெட்டு ராடு, உள்பக்கம் திருப்பி ஓட்டுவதற்கு இன்னும் இரண்டு. வலுவுக்காக மேலே வைக்கும் வலுப்பட்டைத் தகட்டுக்கு 6 மி.மீ. ஃபில்லட் (மூலை ஒட்டு) 2 மீட்டர் என்றால் இன்னும் ஒரு டஜன். ஆக ஒரு பக்கத்துக்கு ஒரு கிலோவுக்குள் முடிந்துவிடும். இரு பக்கமும் சேர்த்து 2 கிலோ. 5 கிலோ பெட்டியைத் திறந்தால் மீதி 3 கிலோ அடுத்த வண்டி வரும்வரை நமத்துக் கிடக்கும். ஆகவே 2 கிலோ அளவில் காற்று நீக்கி அடைத்து வரும் உறை கிடைத்தால் அதுவே லாபம், கிலோ விலை கூடுதலாக இருந்தாலும். கடையில் பிரித்து எண்ணித் தரும் ராடைச் சேசிஸுக்கு வாங்கவே கூடாது.

ராடு சரியாக இருந்தாலும் வெட்டும் ஜோடிப்பும் தவறினால் பயனில்லை. நேர்செங்குத்தாக வெட்டி ஒட்டினால் மேல் மடக்கு, கீழ் மடக்கு, நடுச்சுவர் மூன்றின் ஒட்டும் ஒரே கோட்டில் விழும். நடுச்சுவரை 45 டிகிரி சாய்த்து வெட்டினால் 250 மி.மீ. உயரச் சானலில் மேல் ஒட்டுக்கும் கீழ் ஒட்டுக்கும் 250 மி.மீ. தூரம் தானாக வந்துவிடும். கேபினுக்கு நேர் பின்னால், ஸ்பிரிங் ஹேங்கர் பக்கத்தில், குறுக்குச் சட்டமான கிராஸ் மெம்பரின் போல்ட் ஓட்டை மேல் ஒட்டு வரக் கூடாது. கேஸில் வெட்டினால் விளிம்பு கடினமாகிவிடும், 2-3 மி.மீ. கிரைண்டரில் தின்றுவிட்டுத்தான் ஜோடிக்க வேண்டும். ஒட்டின் இரு பக்கமும் 25 மி.மீ. பெயிண்ட், துரு, கிரீஸ் போய் வெள்ளை இரும்பு தெரிய வேண்டும். மீன் வண்டி என்றால் கிரைண்டர் பிடிக்கும் முன்பே நல்ல தண்ணீரில் கழுவிக் காயவைக்கவும். இல்லாவிட்டால் கிரைண்டர் உப்பை இரும்புக்குள் தேய்த்து வைக்கும். ஜிங்க் பூசிய தகடு என்றால் பூச்சை எடுக்காமல் ஒட்டவே வேண்டாம், புகைக்கு ராத்திரி காய்ச்சல் வரும்.

ரூட் முகம், அதாவது வி-குரூவின் அடியில் சாய்க்காமல் விடும் விளிம்பு, 1.5 மி.மீ. விட்டு, பூச்சு உடைத்த 2.5 ராடு கம்பியை வளைத்து இடையில் வைத்தால் இடைவெளி சரியாக நிற்கும். அடியில் ஓடும் முதல் வரியான ரூட் வரிக்கு 2.5 ராடு, 75-85 ஆம்பியர். நிரப்பு வரிக்கு 3.15 ராடு, தட்டையில் 110-125. நிமிர்ந்து ஏறும் வரிக்கு 10 ஆம்பியர் குறைக்கவும், கீழிருந்து மேலே மட்டும். மேலிருந்து கீழே இழுத்தால் வேகமாக முடியும், அழகாகவும் இருக்கும், ஆனால் 7018-இல் ஸ்லாக் உள்ளே மாட்டும். அகலமாக ஆட்டாமல் நூல் பிடித்த மாதிரி சின்ன வரிகளாகப் போடுவது நல்லது, ஆட்டினாலும் ராடு கனத்தின் மூன்று மடங்கைத் தாண்ட வேண்டாம். வெளியே முடிந்ததும் உள்பக்கம் ரூட்டைச் சுத்த இரும்பு தெரியும்வரை கிரைண்டரில் தோண்டி ஒரு வரி ஓட்ட வேண்டும். இதைத் தவிர்க்கும் பட்டறைகள் நிறைய, வண்டி விரிசல் விடுவதும் பெரும்பாலும் அங்கேதான்.

மடக்கின் ஓரத்தில் ஒட்டைத் தொடங்கவும் கூடாது, முடிக்கவும் கூடாது. அதே கனத்தில் 40 மி.மீ. துண்டு ஒன்றை ஓரத்தில் டாக் அடித்து (புள்ளியாக ஒட்டி), ஒட்டு அதில் தொடங்கி அதில் முடியட்டும். பிறகு துண்டை வெட்டி எடுத்து, சேசிஸ் நீளவாக்கில் கிரைண்டர் கோடு போகும்படி தேய்க்கவும். குறுக்கே விழும் கிரைண்டர் கோடும் விரிசலுக்குத் தொடக்கம்தான். இரண்டு ஆக்ஸிலுக்கும் நடுவே கீழ் மடக்குதான் இழுபடும். பின் ஆக்ஸிலுக்குப் பின்னால் தொங்கும் பகுதியில் மேல் மடக்கு இழுபடும். எந்தப் பக்கத்தை இரண்டு தடவை பார்க்க வேண்டும் என்பதை இது சொல்லிவிடும். இடது சானலில் ஒரு வரி, ஆறும்முன் வலது சானலில் ஒரு வரி என்று மாற்றி மாற்றி ஓட்டி, நடுநடுவே மூலைவிட்டம் அளந்தால் சேசிஸ் முறுக்காது. 3 மி.மீ. வித்தியாசத்துக்கு மேல் போனால் நிறுத்திச் சரிசெய்யவும். சூட்டைத் தணிக்கத் தண்ணீர் ஊற்றுவது எந்த நிலையிலும் வேண்டாம்.

வலுப்பட்டையைச் சதுரமாக வெட்டி நாலு பக்கமும் சுற்றி ஒட்டுவது இந்த மாவட்டத்தில் வழக்கமாகிப் போயிருக்கிறது. அது பலம் இல்லை, ஆபத்து. பட்டை முடியும் இடத்தில் குறுக்கே போகும் ஒட்டில் விறைப்பு சட்டென்று மாறுவதால், பழைய விரிசலுக்கு ஒரு சாண் தள்ளிப் புது விரிசல் வரும். பட்டையின் இரு முனையையும் ஈட்டி மாதிரி 30-45 டிகிரியில் வெட்டி, ஒட்டுக்கு இரு பக்கமும் 400-500 மி.மீ. நீட்ட வேண்டும். கனம் சேசிஸைவிடக் கூடக் கூடாது. மடக்கின் வளைவுக்கு 20 மி.மீ. முன்பே ஃபில்லட்டை நிறுத்தவும். 8.8 தர போல்ட்டில் பிடிக்க இடம் இருந்தால் ஒட்டைவிட அதுவே மேல். ஒட்டும் முன் உள்முகத்தில் ஜிங்க் பிரைமர் பூசி, ஒட்டு வரும் விளிம்பில் மட்டும் 25 மி.மீ. விட்டுவைத்தால் மீன்தண்ணீர் உள்ளே புடைக்காது.

காற்று தனிக் கதை. ஜூனில் இருந்து செப்டம்பர்வரை ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் காற்றாலை சுற்றும் வேகத்தில் வெளியே நின்று ஒட்டினால் 7018-இன் காப்பு வாயுவே கலைந்துவிடும். உடைத்துப் பார்த்தால் ஆப்பம் மாதிரி துளை துளையாக இருக்கும். காற்று வரும் பக்கம் தார்ப்பாய் கட்டாமல் அங்கே வேலை இல்லை. கார்பன் டை ஆக்ஸைடு வாயுவில் ஓடும் மிக் வெல்டிங் மெஷின் அந்தக் காற்றில் இன்னும் மோசம்.

மெஷினை ஆன் செய்யும் முன் பேட்டரியின் இரண்டு டெர்மினலையும் கழற்றி, பி.எஸ். 4, பி.எஸ். 6 வண்டி என்றால் என்ஜினை இயக்கும் கம்ப்யூட்டரான இ.சி.யூ.வின் கனெக்டரையும் பிடுங்கவும். எர்த்தை ஒட்டும் இடத்துக்கு ஒரு முழத்துக்குள், சுத்தமான இரும்பில் கவ்வவும். தள்ளிப் போட்டால் கரண்ட் வீல் பேரிங் வழியாகப் போய் அதைக் கொத்திவிடும். டீசல் டேங்கை இறக்கி, நைலான் ஏர் பைப்பை ஒதுக்கி, ஸ்பிரிங் பட்டையை மூடி வைக்கவும். பட்டையில் ஒரு பொறி ஆர்க் தட்டினாலும் அந்த இடத்தில்தான் அது ஒடியும்.

7018 எல்லா இரும்புக்கும் மருந்து இல்லை. ஐ.எஸ். 2062 ஈ250, ஈ350 தகடுக்கு அது பொருத்தம். இழுவிசை 550 மெகாபாஸ்கலைத் தாண்டும் புதிய சேசிஸ் இரும்புக்கு அந்த ஒட்டு பலவீனமாகிவிடும், கம்பெனி சொல்லும் 8018 வகை ராடுதான் வேண்டும். “வெல்டு செய்யாதே” என்று ஸ்டிக்கர் ஒட்டிய, சூட்டில் பதப்படுத்திய சேசிஸை எந்த ராடாலும் தொட வேண்டாம், போல்ட் மட்டும். சேசிஸ் எண் பொறித்த இடத்தில் கிரைண்டர் படவே கூடாது. வீல்பேஸ் மாற்றுவது 1988 மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுக்குள் வரும். டி.என். 74 என்றால் நாகர்கோவில், டி.என். 75 என்றால் மார்த்தாண்டம் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வெட்டும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். பின்பக்கத் தொங்கல் வீல்பேஸில் 60 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற விதியும் இருக்கிறது. வீல்பேஸ் குறைப்பவர்கள்தான் இதில் மாட்டுவார்கள்.

மதிப்பெண் போடச் சொன்னால், சுட்டு எடுத்த 7018-க்கு சேசிஸ் வேலையில் ஐந்துக்கு நாலரை. பழகும்வரை தொந்தரவு என்பதற்கு அரை குறைத்தாச்சு. திறந்து கிடந்த 7018-க்கு ஒன்றரை. ஃபுளோர் ஆங்கிள், பம்பர், டூல் பெட்டி மாதிரி வேலைக்கு 6013-க்கு நாலு கொடுக்கலாம், அங்கே 7018 தேவையே இல்லை.

வேலை முடிந்த அன்றே வண்டியை விடாமல் ஒரு நாள், முடிந்தால் இரண்டு நாள் நிறுத்தி, விரிசலைக் காட்டும் மையான, மூன்று ஸ்பிரே டப்பா கொண்ட டை பெனிட்ரன்ட் அடித்துப் பாருங்கள். துடைத்த ஒட்டில் சிவப்பு மை அடித்து 15 நிமிடம், துணியில் துடைத்து, வெள்ளை டெவலப்பர் அடித்து 10 நிமிடம். சிவப்பு கோடாக எழும்பினால் விரிசல், புள்ளியாக எழும்பினால் துளை. கோடு வந்தால் மேலே ஒரு வரி ஓட்டி மறைக்காமல், இரு நுனியிலும் 5 மி.மீ. ஓட்டை போட்டு, முழுவதும் தோண்டி எடுத்து மறுபடி ஒட்ட வேண்டும். அதன் பிறகுதான் பிரைமர்.